நாலாயிரம் பெயர்கள்

பொறையார்
3-2-2025

பிரதீபாவுக்கு,

உன் நம்பருக்கு ஐந்து தடவை அடித்தேன். ஐந்து தடவையும் ஆபீசிலிருந்து ஒரு பெண் எடுத்து, "மேடத்துக்கு என்ன மெசேஜ் சார்?" என்கிறாள். மேடம்! ஒன்பது வருஷம் என் வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்து வந்தவளுக்கு நான் மெசேஜ் விட வேண்டுமாம். அதனால்தான் தபால். உன் அம்மாவிடம் விலாசம் வாங்கினேன்.

சண்டையைத் தொடர எழுதவில்லை. கோபித்துக்கொண்டு அக்டோபரில் மெட்ராஸ் பாட்டுக் கம்பெனிக்குப் போனாய், அது போன கதை. இது வேறு. குடவாசல் வசந்தகுமார் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு முன் திருக்கடையூரில் அவருடைய அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் நம் கச்சேரி. அவர்கள் எழுதிக் கொடுத்த பேர் சீட்டை வைத்துப் பேரன் பேத்தி வரை எல்லார் பெயரையும் கோர்த்து நான் வரி எழுத, நீ அங்கேயே பாடினாய். அந்த வீடியோவை யூடியூபில் போட்டு வைத்திருந்தார்கள். போன வாரத்திலிருந்து அதில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. பாட்டின் உரிமை உன் கம்பெனியுடையது என்று ஒரு வரி வருகிறது.

அவருடைய அப்பா மார்கழியில் தவறிவிட்டார். அம்மா தினமும் காலையில் அதைப் போட்டுக் கேட்பாராம். வசந்தகுமார் பைக்கில் பொறையார் வரை வந்து வாசலில் நின்று, "எங்கப்பா பேரு எப்படிண்ணே கம்பெனிக்குச் சொந்தமாகும்?" என்று கேட்டார். அவரையும் சேர்த்து இதுவரை நாலு குடும்பம் வந்தாகிவிட்டது.

நீ எதில் கையெழுத்துப் போட்டாய்? மறைக்காமல் எழுது.

ரெமிஜியஸ்

*

வளசரவாக்கம், சென்னை
10-2-2025

ரெமி அண்ணனுக்கு,

எதில் கையெழுத்துப் போட்டாய் என்று போலீஸ் மாதிரி கேட்கிறீர்கள். ஒப்பந்தத்தில் போட்டேன். முப்பத்தோரு பக்கம், இங்கிலீஷ், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. ஒன்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததுண்டா? பேனரில் 'ரெமிஜியஸ் இன்னிசை', நடுவில் உங்கள் படம், கூலிங் கிளாஸ். கீழே 'மற்றும் பாடகி'. என் பெயரையும் போடுங்களேன் என்று கேட்டதற்கு, "பேனர்ல இடம் ஏதும்மா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பஸ் ஏறினேன். இங்கே முதல் நாளே என் முகத்தைச் சுவர் உயரத்துக்கு அடித்து மாட்டினார்கள்.

வேலை நடக்கிறது. 'வாழ்த்துக்குரல்' என்று ஒரு செயலி கொண்டுவருகிறார்கள். அதற்காகப் பதினோரு நாள் ஸ்டூடியோவில் பெயர்கள் மட்டும் பாடினேன். கவிப்ரியா என்று ஒரு பெண், நல்ல பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சீட்டைத் தூக்கிக் காட்டுவாள். நான் பாடுவேன். நாலாயிரம் பெயர், ஒவ்வொன்றும் மூன்று சுருதியில். எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சீட்டு வந்தால் பாடிவிட வேண்டும், ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த வீட்டுக்கு அது அபசகுனம் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே. இன்னும் எனக்கென்று ஒரு பாட்டு வரவில்லை. வரும்.

வசந்தகுமார் அண்ணன் வீடியோவை விட்டுவிடச் சொல்லிக் கேட்கிறேன். அது ஏதோ கம்ப்யூட்டர் செய்த தப்பாக இருக்கும்.

ஜூன் எட்டாம் தேதி அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மீன்பிடித் தடைக்காலத்தில் வருவதால் படகு கரையில் நிற்கும், சின்னங்குடியே திரண்டு வரும். ஊரில் எல்லார் அப்பாவுக்கும் பாடியவள் என் அப்பாவுக்குப் பாடாமல் இருப்பேனா? கீபோர்டு நீங்கள்தான் வாசிக்க வேண்டும். சண்டை சண்டையாக இருக்கட்டும்.

பிரதீபா

*

பொறையார்
2-3-2025

பிரதீபா,

உன் கடிதத்தில் பாதி கோபம், பாதி நியாயம். பேனர் விஷயம் நியாயம். அதைப் பிறகு பேசுவோம், அதைவிடப் பெரிய வினை வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் எழுதிய பாட்டை நான் மேடையில் வாசிக்கக் கூடாதாம். இணைப்பில் இருநூற்றுப் பதினான்கு பாட்டுகளின் முதல் வரி. 'மேற்படி பாடல்களின் சொல்லும் மெட்டும் முழுவதும் தம்முடைய தனிப்பட்ட படைப்பு என்று செல்வி மா. பிரதீபா உறுதிமொழி அளித்துள்ளார்.' கீழே உன் கையெழுத்தின் நகல். கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்துவிடுவாயே, அதேதான். பார்த்ததும் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மயிலாடுதுறையில் அனுராதா என்று ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். "பதிவு பண்ணலைன்னாலும் படைச்சவருக்குத்தான் சார் உரிமை. ஆனா படைச்சது நீங்கதான்னு காட்டணும்" என்றார். வீட்டிலிருந்த பேர் சீட்டுகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டினேன். முன்பக்கம் அவர்கள் குடும்பப் பெயர்கள், பின்பக்கம் என் வரிகள், பாதியில் சாம்பார்க் கறை. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறதா என்று பார்த்தார். உன் ஒப்பந்தத்தின் நகல் அவருக்கு உடனே வேண்டும்.

இன்னொன்று. வியாழக்கிழமை திருக்கடையூரில் வேறொரு குழுவுக்கு வாசிக்கப் போயிருந்தேன். பக்கத்து மண்டபத்தில் நீ பாடுவது கேட்டது. வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எட்டிப் பார்க்க ஓடினேன். மேடை காலி. மாலையும் கழுத்துமாகப் பெரியவரும் அந்த அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர்கள் மகன் மைக்குக்கு நேராக ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். உன் குரல் அவர்கள் வீட்டு நாய்க்குட்டியின் பெயர் வரை பாடியது. மூச்சு வாங்கும் இடம்கூட உன்னுடையதுதான்.

அந்தப் பாட்டை நீ பாடினாயா?

ரெமிஜியஸ்

*

சென்னை
9-3-2025

அண்ணா,

நான் பாடவில்லை. சத்தியமாகப் பாடவில்லை. வியாழக்கிழமை முழுக்க நான் இந்த ஹாஸ்டல் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கவிப்ரியாவிடம் கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க இனிமே பாடவே வேண்டாம்க்கா, அதுவே பாடிக்கும்" என்றாள். நல்ல செய்தி சொல்லுகிற மாதிரி சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒப்பந்தத்தின் நகல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். இதனுடன் வைத்திருக்கிறேன். அவள் பெயரை எங்கேயும் சொல்லாதீர்கள்.

அந்த உறுதிமொழி. என்ன சொல்லி மழுப்பினாலும் அது என் கைதான். பாட்டுப் பட்டியல் கேட்டார்கள், கொடுத்தேன். 'படைப்பாளி' என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டு பெயர் போட்டால் உங்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். எனக்கு அந்த நேரம் பேனர் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷம் என் பெயரை விட்டாரே, இந்த ஒரு கட்டத்தில் நான் அவர் பெயரை விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சும்மா கேட்க வாய் வரவில்லை. மெட்டில் பாதி என்னுடையதுதானே அண்ணா? அதை நீங்கள் ஒரு நாளாவது யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

இன்னொரு விஷயத்தை முந்தின கடிதத்தில் மறைத்தேன். கடைசி இரண்டு நாள் வந்த சீட்டுகளில் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது. 'கண்ணீர் அஞ்சலி', 'எங்களை விட்டுப் பிரிந்த' என்றெல்லாம் பாடச் சொன்னார்கள். நாலாயிரம் பெயரில் எதை வேண்டுமானாலும் அதோடு ஒட்டிக்கொள்ளலாம். அதையும் பாடினேன். சீட்டு வந்தது, பாடிவிட்டேன்.

பிரதீபா

*

பொறையார்
6-4-2025

பிரதீபா,

ஒப்பந்தத்தை வக்கீலம்மா இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு யாருமே படிச்சுச் சொல்லலையா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் பாடல் வேலை மூன்று வருஷத்துக்கு. கம்பெனி விரும்பினால் இன்னொரு மூன்று, அதற்கு மேலும் ஒரு மூன்று. விரும்புவது அவர்கள் மட்டும்தான், நீ விரும்ப இடமில்லை. அதுவரை எந்த இடத்திலும், எந்த விதத்திலும், கூலி இல்லாமலும்கூட, அவர்கள் அனுமதியின்றி நீ பாடக் கூடாது. உன் குரலுக்குத் தனி விதி. குரலும் அதன் சாயலும் இன்றைக்கு உள்ள கருவியிலும் இனிமேல் வரப்போகும் கருவியிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும் அவர்களுடையது. "காலம் எழுதாம விட்டிருந்தா சட்டம் அஞ்சு வருஷம்னு வைக்கும். இவங்க எதையும் எழுதாம விடல" என்றார்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. இந்தப் பாட்டுகளை நாம் இருவரும் சேர்ந்து செய்தோம் என்று நான் வழக்குப் போட வேண்டும். இருவர் சேர்ந்து செய்ததை ஒருவர் மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. பாட்டுகள் மீளலாம், குடும்பங்களின் வீடியோவில் சத்தம் திரும்பலாம். ஆனால் அதற்கு உன் உறுதிமொழி பொய் என்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். உறுதிமொழி பொய்யானால் கம்பெனிக்கு வரும் நஷ்டம், செலவு எல்லாம் உன் தலையில் என்று இருபத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது. விடமாட்டார்கள், உன்னைப் பிழிந்துவிடுவார்கள் என்கிறார். நான் சும்மா இருந்தால் நோட்டீஸை ஒப்புக்கொண்ட மாதிரி, பாட்டுகள் ஒரேயடியாகப் போகும்.

என் பாட்டை மீட்க உன்னைக் கவிழ்க்க வேண்டும். ஜூன் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். மாதா கோயிலில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மெட்டு விஷயம் கேட்டிருந்தாய். பாதி இல்லை, முக்கால்வாசி உன்னுடையது. நான் வார்த்தையைக் கொடுத்தேன், நீ வேனில் முனகி முனகி அதற்குக் கால் முளைக்க வைத்தாய். மேடையில் சொன்னால் என் மவுசு குறையுமென்று வாயை மூடிக்கொண்டேன். அற்பத்தனம்தான்.

ரெமிஜியஸ்

*

சென்னை
20-4-2025

ரெமி அண்ணா,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் பத்து தடவை படித்தேன். அக்டோபரில் இதைச் சொல்லியிருந்தால் நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன். இப்போது சொல்லி என்ன பயன் என்று அழுகையும் வந்தது, ஒரு பக்கம் சந்தோஷமும் வந்தது. என்னை என்னவென்று சொல்ல.

கம்பெனியில் அப்பாவின் விசேஷத்துக்கு அனுமதி கேட்டேன். பெரியவர் ஒருவர், சட்டப் பிரிவாம், மிகவும் மரியாதையாகப் பேசினார். "குடும்ப விழாதாம்மா, தாராளமா போய்ட்டு வாங்க. பாட மட்டும் வேண்டாம். யாராவது வீடியோ எடுத்துப் போட்டா நாளைக்கு உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அப்பா பெயரும் அம்மா பெயரும் விசேஷ தேதியும் நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூன் எட்டு வரைக்கும் வழக்குப் போடாதீர்கள். அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அன்றைக்கு மைக் வேண்டாம், மேடை வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் காதுக்கு மட்டும் ஒரு பாட்டு பாடிவிடுகிறேன். அதற்குப் பிறகு என்னைக் கவிழ்த்தாலும் சரி, கரையேற்றினாலும் சரி.

பிரதீபா

*

பொறையார்
19-5-2025

பிரதீபா,

நேற்று சின்னங்குடி போய் உன் அப்பாவைப் பார்த்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, "ரெமி, பாப்பா அனுப்பினதைக் கேட்டியா?" என்று போனை எடுத்தார்.

நீ எதுவும் அனுப்பியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். முதலில் உன் குரல் பேசியது. 'அப்பா, நான் பிரதீபா. அறுபதாம் கல்யாண வாழ்த்துகள்ப்பா' என்று. பிறகு பாட்டு. மாரியப்பன், தனபாக்கியம் என்று இரண்டு பெயரும் நம் மெட்டில், நீ ஏறும் இடத்தில் ஏறி, நீ இறங்கும் இடத்தில் இறங்கி வந்தன. கம்பெனி அன்பளிப்பாம். பக்கத்துப் படகுக்காரர்களெல்லாம் கூடி நின்றார்கள். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இருபது தடவை போடுவதாக உன் அம்மா சொன்னார்.

அது அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. கோழைத்தனம்தான், திட்டு.

எட்டாம் தேதி வரை பொறுக்கிறேன். வழக்கு மனுவை வக்கீலம்மா தயாராக வைத்திருக்கிறார். 'வாதியும் ஒன்றாம் பிரதிவாதியும் கூட்டாகப் படைத்தவை' என்று அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்றாம் பிரதிவாதி நீ. உன்னோடு சேர்த்து என் பெயரை எழுதும் முதல் காகிதம், அதில் நாம் எதிரெதிர்க் கட்சி.

ரெமிஜியஸ்

*

சென்னை
10-6-2025

அண்ணா,

எட்டாம் தேதி நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியும். நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் போன்களை வாங்கிக் காலிச் சாம்பார் அண்டாவில் போட்டு மூடியது, சித்தப்பா "போனைப் பிடுங்குற அளவுக்கு இங்க என்ன தங்கமா கொட்டிக் கெடக்கு?" என்று முணுமுணுத்தது, நீங்கள் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தது. மீதிப் பாதி உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கதவுப் பக்கம் இருந்தீர்கள். அப்பா பேசியது என் காதில் மட்டும்தான் விழுந்திருக்கும்.

எட்டு மாதமாக ஸ்டூடியோவில் பெயர்களைத் தவிர நான் ஒரு முழுப் பாட்டும் பாடவில்லை. பயம் வேறு. 'மாரியப்பன்' என்று எடுத்தேன். இரண்டாவது அடியில் குரல் பிசிறியது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஆனாலும் முழுசாகப் பாடினேன். முடித்து, காலில் விழுந்து எழுந்தேன். அப்பா என் தலையில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. ஆனா போன்ல பாடி அனுப்புனியே, அது மாதிரி இல்லையே. அதுல என் பேரைச் சொல்றப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது நான் இல்லப்பா, அது மெஷின், என் குரலை எழுதி வாங்கிவிட்டார்கள் என்று. அப்பா சிரித்துவிட்டார். "போ பாப்பா. பெத்த அப்பனுக்குப் புள்ள கொரல் தெரியாதா?" என்றார். அம்மாவும் சிரித்தாள். வெளியே போய் முதல் வேலையாக அண்டாவிலிருந்து போனை எடுத்து, அதைப் போட்டுக் கேட்டார். உறவுக்காரர்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். நான் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வழக்கைப் போடுங்கள் அண்ணா. ஒன்றாம் பிரதிவாதியாக என் பெயரைப் போடுங்கள். சம்மன் வந்தால் வாங்கிக்கொள்வேன். கோர்ட்டில் நின்று, ஆமாம், நான் பொய்யாக எழுதிக் கொடுத்தேன், பாட்டு இரண்டு பேருடையது என்று என் வாயாலேயே சொல்வேன். என்னைப் பிழிகிறவர்கள் பிழியட்டும். இனிமேல் என்னிடமிருந்து எடுக்க அவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

ஒன்று மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், வக்கீலம்மாவிடமும் சொல்லி வையுங்கள். மனு போட்ட மறுநாளிலிருந்து என் குரலில் உங்களுக்குப் போன் வரலாம். நான் அழுவேன். அண்ணா, என் வாழ்க்கையைக் கெடுத்துடாதீங்க, வழக்கை வாபஸ் வாங்குங்க என்று கெஞ்சுவேன். வேனில் நாம் பேசியதை ஸ்டூடியோ மைக் முன்னாலேயே கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன், அதைக்கூடச் சொல்வேன். எவ்வளவு அழுதாலும் நம்பாதீர்கள். பேசாமல் போனை வைத்துவிடுங்கள்.

பிரதீபா